ஒரு கிளப், ஒரு தோள்: ஆரம்பகாலத் தொழில்முறை பேஸ்பாலில் அதிக ஆட்டங்களில் பந்தெறிந்தவர்கள் – கேள்வியும் பதிலும்

அமெரிக்க பேஸ்பாலின் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் முதலில் திகைத்து நிற்பது பிட்சர்களின், அதாவது பந்தெறிபவர்களின், கணக்கைப் பார்த்துத்தான். ஒரே சீசனில் 76 ஆட்டங்கள், 680 இன்னிங்ஸ், 59 வெற்றிகள். இன்று ஒரு முன்னணி பிட்சர் ஓர் ஆண்டில் முப்பத்துச் சொச்சம் ஆட்டங்களைத் தொடங்கி 200 இன்னிங்ஸ் எறிந்தாலே உழைப்பாளி என்று பாராட்டுகிறார்கள். எனவே பழைய எண்களைப் பார்ப்பவர்களுக்கு அச்சுப்பிழையோ என்ற ஐயம் வருவது இயல்பு. பிழை ஏதும் இல்லை. அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களையும் விதிகளையும் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆரம்பகாலம் என்றால் எந்த ஆண்டுகள்?

ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதன் பிட்சர் ஏசா பிரெய்னார்ட். 1871 முதல் 1875 வரை நேஷனல் அசோசியேஷன் என்ற அமைப்பு நடந்தது. 1876-இல் நேஷனல் லீக் பிறந்தது. 1882-இல் அமெரிக்கன் அசோசியேஷன் போட்டியாகக் கிளம்பியது. 1893-இல் பந்தெறியும் தூரம் 60 அடி 6 அங்குலமாக மாறியது. நான் எல்லையாக வைத்துக்கொள்வது அந்த 1893-ஐத்தான். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் பிட்சரைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட வெவ்வேறு விளையாட்டுகள்.

அந்தக் காலத்தில் ஒரே சீசனில் அதிக ஆட்டங்களில் பந்தெறிந்தவர் யார்?

மூவர் 76 என்ற எண்ணில் சமமாக நிற்கிறார்கள். சின்சினாட்டியின் வில் வைட் 1879-இலும், பஃபலோவின் பட் கேல்வினும் பிராவிடன்ஸின் சார்லஸ் ராட்போர்னும் 1883-இலும் அந்த எண்ணைத் தொட்டார்கள். ஒரு படி கீழே 75 ஆட்டங்களில் மீண்டும் ராட்போர்ன் (1884), லூயிவில் அணியின் கை ஹெக்கர் (1884), சிகாகோவின் பில் ஹட்சிசன் (1892) ஆகியோர் இருக்கிறார்கள். கிளீவ்லாந்தின் ஜிம் மெக்கார்மிக்கும் வூஸ்டரின் லீ ரிச்மண்டும் 1880-இல் ஆளுக்கு 74. பாஸ்டனின் ஜான் கிளார்க்சன் 1889-இல் 73.

ஆனால் இந்த எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1879-இல் சின்சினாட்டி அணி ஆடியதே 81 ஆட்டங்கள்தான். அவற்றில் 76-இல் வைட் எறிந்தார். கேல்வினும் ராட்போர்னும் 76-ஐத் தொட்டபோது அட்டவணையில் 98 ஆட்டங்கள் இருந்தன. ஆகவே மூவரில் வைட்டின் 76 எனக்குக் கூடுதல் கனமாகத் தெரிகிறது. அந்த ஆண்டு அவர் தொடங்கிய ஆட்டங்கள் 75. அந்த 75-ஐயும் கடைசிப் பந்துவரை அவரே முடித்தார். மொத்தம் 680 இன்னிங்ஸ். ஒரு சீசனில் அதிக இன்னிங்ஸ், அதிக முழு ஆட்டங்கள் என்ற இரண்டு சாதனைகளும் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கின்றன.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவருக்கு: 680 இன்னிங்ஸ் என்றால் என்ன?

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது. கிரிக்கெட்டில் ஓர் ஓவர் வீசியதும் பந்து இன்னொருவர் கைக்குப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. களத்தில் இருக்கும் பிட்சர்தான் எதிரணியின் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு பந்தையும் எறிய வேண்டும். ஒரு முழு ஆட்டம் எறிவதென்றால், எதிரணி முழுவதையும் தனியொருவர் வீசி 27 முறை ஆட்டமிழக்கச் செய்வது. வைட் அதை ஒரே கோடையில் 75 முறை செய்தார்.

ஒரே ஆள் இத்தனை ஆட்டங்களில் எறிய எப்படி முடிந்தது?

முதல் காரணம் தூரமும் கையசைவும். 1880 வரை பிட்சரின் கோட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பேஸுக்கும் இடையே 45 அடிதான். 1881-இல் அது 50 அடி ஆனது. கை இடுப்புக்குக் கீழே இருந்துதான் பந்தை விட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. நேஷனல் லீக் 1883-இல் தோள் உயரம் வரை அனுமதித்து, 1884-இல் தலைக்கு மேலிருந்து எறிவதையும் ஏற்றுக்கொண்டது. கீழிருந்து எறியும்போது தோள்மூட்டு அவ்வளவு எளிதில் கிழிவதில்லை. கிரிக்கெட் பந்துவீச்சும் இதே வழியில்தான் கீழ்க்கையிலிருந்து பக்கவாட்டுக்கும் அங்கிருந்து தலைக்கு மேலும் ஏறியது. இந்த ஒற்றுமைக்கு ஓர் உறவும் உண்டு. சின்சினாட்டியையும் பிறகு பாஸ்டனையும் கட்டியெழுப்பிய ஹாரி ரைட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர்; தந்தையைப் போலவே நியூயார்க்கில் தொழில்முறை கிரிக்கெட் ஆடியவர்.

இரண்டாவது, அணியின் அளவு. சம்பளப் பட்டியலில் பத்து முதல் பன்னிரண்டு பேர் இருந்தால் பெரிது. அதில் பிட்சர் ஒருவர். அவருக்கு உதவியாக இன்னொருவர். அந்த உதவியாளர் மற்ற நாட்களில் வெளிக்களத்தில் நிற்பார். இன்னொரு முழுநேர பிட்சருக்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவு என்று உரிமையாளர்கள் நினைத்தார்கள்.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. அன்று ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றவே முடியாது. காயமோ நோயோ இருந்தால் மட்டுமே வெளியிலிருந்து மாற்றாள் வரலாம். பிட்சர் களைத்துப்போனால், களத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒருவரோடு இடம் மாறிக்கொள்ள வேண்டும். 1889-இல்தான் குறிப்பிட்ட ஒரே ஒரு மாற்றாளுக்கு இடம் கொடுத்தார்கள். 1891-இல்தான் தடை முழுதாக நீங்கியது. ஆகவே கை வலித்தாலும் அடி வாங்கினாலும் ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை நின்று எறிவதைத் தவிர அவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழியே இருக்கவில்லை.

இதோடு அட்டவணையும் நெருக்கமாக இல்லை. 1870-களில் வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள் என்பது வழக்கமான வேகம். அடுத்த பத்தாண்டில் அது நெருங்கி வந்தபோதுதான் கைகள் விழத் தொடங்கின.

அப்படியானால் அது எளிதான வேலையா?

இல்லவே இல்லை. அன்றைய விதிகள் பேட்டருக்குக் காட்டிய சலுகைகளையும் பாருங்கள். 1886 வரை பேட்டர் தனக்கு உயரமான பந்து வேண்டும், அல்லது தாழ்வான பந்து வேண்டும் என்று கேட்கலாம். பிட்சர் கேட்ட இடத்தில் எறிய வேண்டும். தவறினால் அது அவர் கணக்கில் பிழை. பேட்டர் பந்தை அடிக்காமலே, இலவசமாக முதல் பேஸுக்கு (ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தத்துக்கு) போக 1879-இல் ஒன்பது பிழைகள் தேவைப்பட்டன. அது காலப்போக்கில் குறைந்து 1889-இல் நான்கில் நின்றது. ஒன்பது பிழைவரை அனுமதி என்றால், ஒரே பேட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு பந்துகள் எறிய நேரும் வாய்ப்பும் உண்டு என்று பொருள். பிட்சருக்குப் பின்னால் நின்றவர்களும் வெறுங்கையோடுதான் பந்தைப் பிடித்தார்கள், பிடிப்பில் தவறுகள் ஏராளம். அப்படிப்பட்ட ஒவ்வொரு தவறுக்கும் பிட்சர் கூடுதலாக எறிந்தாக வேண்டும்.

நேஷனல் அசோசியேஷன் ஆண்டுகளில் அதிகம் எறிந்தது யார்?

ஆல்பர்ட் ஸ்பால்டிங். பாஸ்டன் 1871-இல் ஆடிய 31 ஆட்டங்களிலும் எறிந்தார். பிறகு 48, 60, 71, 72 என்று ஆண்டுதோறும் ஏறியது. ஐந்து சீசன்களில் 282 ஆட்டங்கள். 1874-இல் பாஸ்டன் பெற்ற 52 வெற்றிகளும் அவர் எறிந்து கிடைத்தவை. 1875-இல் அவர் 54 ஆட்டங்களை வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார். 1876-இல் சிகாகோவுக்குப் போய் 61 ஆட்டங்களில் 47 வெற்றிகள். அத்தோடு எறிவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். 27 வயதுக்குள் ஒரு பிட்சரின் வாழ்வு முடிந்தது. அதன் பிறகு அவர் விளையாட்டுப் பொருள் வியாபாரி. அந்தப் பெயரை இன்றும் பந்துகளின் மேல் பார்க்கலாம்.

அவருக்கு இணையாக நின்றவர்கள் பிலடெல்பியா அத்லெடிக்ஸின் டிக் மெக்பிரைடும், உருவத்தில் சிறியவரான பாபி மேத்யூஸும். 1871 மே 4 அன்று ஃபோர்ட் வெய்னில் நடந்த, அசோசியேஷனின் முதல் ஆட்டத்தில் 19 வயது மேத்யூஸ் எறிந்தார். எதிரணிக்கு ஓர் ஓட்டமும் இல்லை, 2-0. 1874 கோடையில் பாஸ்டனும் அத்லெடிக்ஸும் சீசன் நடுவிலேயே கப்பலேறி இங்கிலாந்து போய் பேஸ்பாலைக் காட்டிவிட்டு, அங்கே கிரிக்கெட்டும் ஆடிவிட்டு வந்தார்கள். அந்த இடைவெளியையும் கழித்துக்கொண்டுதான் ஸ்பால்டிங்கின் 71 ஆட்டங்களை எண்ண வேண்டும்.

மேத்யூஸின் வெற்றிகளைச் சில பட்டியல்கள் 297 என்றும் சில 166 என்றும் போடுவது ஏன்?

நேஷனல் அசோசியேஷனைப் பெரிய லீக்காக ஏற்பதா என்ற தகராறுதான் காரணம். 1969-இல் கூடிய சிறப்புப் பதிவுக் குழு, அதன் அட்டவணையும் நடைமுறையும் ஒழுங்கற்றவை என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டது. மேத்யூஸின் 131 வெற்றிகள் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வருகின்றன. அவற்றை நீக்கினால் மிஞ்சுவது 166. கேல்வினின் வெற்றிகள் 365 என்றும் 361 என்றும் இரு விதமாக வருவதும் இதனால்தான். 1875-இல் அவர் பெற்ற நான்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வேறுபாடு.

அந்தக் குழுவின் முடிவை நான் ஏற்கவில்லை. அன்றைய நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, சாம்பியன் பட்டத்துக்காக ஆடிய ஆட்டங்கள் அவை. அதைவிட உயர்ந்த பேஸ்பால் அப்போது எங்கும் இருக்கவில்லை. அட்டவணை ஒழுங்காக இல்லாதது எறிந்தவனின் குற்றமும் அல்ல.

ஒரு முழு சீசனின் ஒவ்வோர் இன்னிங்ஸையும் ஒருவரே எறிந்தது உண்டா?

உண்டு. லூயிவில் கிரேஸின் ஜிம் டெவ்லின், 1877. அணி ஆடிய 61 ஆட்டங்கள், 559 இன்னிங்ஸ், அத்தனையும் அவர் கை. வேறொருவர் ஒரு பந்தும் எறியவில்லை. முந்தைய ஆண்டு 69 ஆட்டங்களில் 68-இல் எறிந்து 622 இன்னிங்ஸ் முடித்திருந்தார். அவர் எறிந்த பந்து ஹோம் பேஸுக்கு அருகே திடீரென்று தாழும். அதை அடிக்கப் பலரும் திணறினார்கள்.

இந்தச் சாதனையின் மறுபக்கம் இருண்டது. ஆகஸ்டில் முன்னணியில் இருந்த லூயிவில் திடீரென்று தோற்கத் தொடங்கியது. ஐயம் கொண்ட கிளப் நிர்வாகம் ஆட்டக்காரர்களின் தந்திகளைப் பார்க்கக் கேட்டது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றது வெளிவந்தது. டெவ்லின், ஜார்ஜ் ஹால், ஆல் நிக்கல்ஸ் ஆகியோரோடு, தந்திகளைக் காட்ட மறுத்த பில் கிரேவருக்கும் வாழ்நாள் தடை. யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு பந்தும் ஒரே ஆளின் கையிலிருந்து போகும்போது சூதாடி விலைக்கு வாங்க வேண்டிய கையும் ஒன்றே ஒன்றுதான். ஒற்றைப் பிட்சர் முறையின் இந்த ஆபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

தடைக்குப் பிறகு டெவ்லின் லீக் தலைவர் வில்லியம் ஹல்பர்ட்டின் அலுவலகத்துக்குக் கந்தல் உடையில் வந்து மண்டியிட்டுக் கெஞ்சியதை நேரில் கண்டதாக ஸ்பால்டிங் பின்னாளில் எழுதினார். ஹல்பர்ட் கண் கலங்கி, 50 டாலர் நோட்டு ஒன்றைக் கையில் வைத்து, ஆனால் நீ ஆட்டத்தை விற்றவன், திரும்ப எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டாராம். டெவ்லின் பிலடெல்பியாவில் காவலராக வேலை பார்த்து, 1883-இல் காசநோயால் இறந்தார். அவர் செய்தது துரோகம்தான். ஆனாலும் 559 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மண்டியிட்ட உருவமும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ராட்போர்னின் 1884 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

75 ஆட்டங்களில் அவர் எறிந்ததால் மட்டும் அல்ல; அவை எப்படி அவர் கைக்கு வந்தன என்பதால். அந்த ஆண்டு பிராவிடன்ஸ் கிரேஸில் இரண்டு முதன்மைப் பிட்சர்கள். ஒருவர் ராட்போர்ன், கசாப்புக்காரரின் மகன், முந்தைய ஆண்டு 48 ஆட்டங்களை வென்றவர். இன்னொருவர் இளைஞர் சார்லி ஸ்வீனி. ஜூன் 7 அன்று ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச்) செய்து பெயர் வாங்கியவர். இருவருக்கும் ஆகவில்லை. ஜூலை நடுவில் ராட்போர்ன் கோபத்தில் வேண்டுமென்றே மோசமாக எறிந்தார் என்று குற்றம் சாட்டிக் கிளப் அவரை இடைநீக்கம் செய்தது. சில நாட்களில், ஜூலை 22 அன்று, ஆட்டத்தின் நடுவே இன்னொருவரோடு இடம் மாறிக்கொள்ளும்படி மேலாளர் ஃபிராங்க் பேங்க்ராஃப்ட் சொன்னதும் ஸ்வீனி மறுத்து, களத்தை விட்டே வெளியேறினார். மாற்றாள் கிடையாது என்ற விதியால் மீதி ஆட்டத்தை எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். ஸ்வீனி நீக்கப்பட்டார்.

கிளப்பைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அப்போது ராட்போர்ன் ஒரு பேரம் பேசினார். மீதி ஆட்டங்களை நானே எறிகிறேன். பதிலுக்குப் பணம் வேண்டும், சீசன் முடிந்ததும் என்னைக் கட்டிப்போடாமல் விடுவிக்க வேண்டும். ஒரு கிளப் தன் ஆட்டக்காரரை வேறெங்கும் போகவிடாமல் பிடித்துவைக்கும் ஷரத்து அன்றைய ஒப்பந்தங்களில் இருந்தது. அதிலிருந்து வெளியேறத்தான் அவர் தன் தோளை அடகு வைத்தார்.

அடுத்த 43 ஆட்டங்களில் 40-ஐ அவர் தொடங்கினார், 36-இல் வென்றார். இடையில் தொடர்ச்சியாக 18 வெற்றிகள். காலையில் தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாத வலி என்று சொல்வார்கள். ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே களத்துக்கு வந்து, முதலில் மிக அருகிலிருந்து மெதுவாகப் பந்தைப் போட்டு, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிக் கையைச் சூடேற்றிக்கொள்வார். சீசன் முடிவில் 678 இன்னிங்ஸுக்கும் மேல், 441 ஸ்டிரைக் அவுட், தொடங்கிய 73 ஆட்டங்களும் முழு ஆட்டங்கள். அணிக்குச் சாம்பியன் பட்டம். பிறகு அமெரிக்கன் அசோசியேஷன் வெற்றியாளரான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸோடு அக்டோபரில் மூன்று நாட்கள் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள். மூன்றையும் அவரே எறிந்தார், மூன்றையும் வென்றார்.

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். அவருக்கு 'ஓல்ட் ஹாஸ்', அதாவது கிழட்டுக் குதிரை என்ற பட்டப்பெயர் உண்டு. வண்டியிழுக்கும் குதிரை போல அலுப்பில்லாமல் எறிந்தார் என்று புகழ்கிறவர்கள் அந்த பேரத்தை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் 1884-இன் ராட்போர்ன் தன் விலையை அறிந்த தொழிலாளி. கடைசியில் அவர் பிராவிடன்ஸிலேயே இன்னோர் ஆண்டு ஆடச் சம்மதித்தார், நல்ல சம்பளத்துக்கு.

அந்த ஆண்டு அவர் வெற்றிகள் 59-ஆ, 60-ஆ?

ஜூலை 28 அன்று நடந்த ஓர் ஆட்டத்தைப் பொறுத்தது. பிராவிடன்ஸின் இன்னொரு பிட்சர் சைக்ளோன் மில்லர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து நிறுத்தினார். மீதியை ராட்போர்ன் முடித்தார். அன்று கணக்கு எழுதியவர் வெற்றியை ராட்போர்னுக்குக் கொடுத்தார். பின்னாளில் வந்த விதிப்படி அது மில்லருடையது. நான் 59 என்றே எழுதுவேன். அந்த ஒன்றைக் குறைத்தாலும் அவரை எட்டிப் பிடிக்க யாரும் இல்லை.

முழு வாழ்நாள் கணக்கில் யார் முதலிடம்?

1892-இல் ஓய்வு பெற்ற பட் கேல்வின், 705 ஆட்டங்களோடு. ஆறாயிரம் இன்னிங்ஸுக்கு மேல், 646 முழு ஆட்டங்கள். பிறகு சை யங் வந்தார். 1890 முதல் 1911 வரை 906 ஆட்டங்களில் எறிந்து எல்லாவற்றையும் தாண்டினார். ஆயினும் இன்னிங்ஸிலும் முழு ஆட்டங்களிலும் கேல்வின் இன்றும் இரண்டாம் இடத்தில் இருக்கிறார். அவர் காலத்தவர்களில் டிம் கீஃப், மிக்கி வெல்ச், ராட்போர்ன், கிளார்க்சன், டோனி முல்லேன் ஆகியோரும் 500-ஐத் தாண்டியவர்கள்.

கேல்வின் குட்டையான, பருத்த உடல்வாகு கொண்டவர். 'சின்ன நீராவி எஞ்சின்' என்று பத்திரிகைகள் எழுதின. வளைவுப் பந்தை அதிகம் நாடாமல் வேகத்தையும் துல்லியத்தையும் நம்பினார். பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை ஏமாற்றிப் பிடிப்பதில் வல்லவர். 1883-இல் பஃபலோ வென்ற 49 ஆட்டங்களில் 46 அவருடையவை. அடுத்த ஆண்டும் 72 ஆட்டங்கள், மீண்டும் 46 வெற்றிகள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,292 இன்னிங்ஸ். 1888-இல் 300 வெற்றிகளைத் தொட்ட முதல் பிட்சரும் அவரே. 1889-இல், விலங்குகளின் விதைப்பையிலிருந்து எடுத்த பிரவுன்-சேக்கார் சாற்றை ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டத்தில் எறிந்து வென்றார். அதை அன்று பத்திரிகைகள் ஒளிக்காமல் பாராட்டின. களைத்த கைக்கு மருந்து தேடியவர்களில் அவர் கடைசி ஆளும் அல்ல.

அதிக ஆட்டங்களில் எறிந்தவர்கள் எல்லாரும் சிறந்த பிட்சர்களா?

அப்படிச் சொல்ல முடியாது. 1883-இல் பிலடெல்பியா அணிக்காக 20 வயது ஜான் கோல்மன் 65 ஆட்டங்களில் எறிந்து 48-இல் தோற்றார். ஒரே சீசனில் அதிகத் தோல்விகள் என்ற சாதனை அது. அணி மொத்தம் வென்றதே 17 ஆட்டங்கள். தோற்கத் தோற்க அவரையே மீண்டும் அனுப்பினார்கள், வேறு ஆள் இல்லாததால். வில் வைட்டும் 1880-இல் 42 ஆட்டங்களில் தோற்றார். முந்தைய ஆண்டு 43-ஐ வென்ற அதே மனிதர்.

இத்தனை பந்துகளைப் பிடித்தவர்கள் யார்?

கேட்சர்கள், அதாவது பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மெல்லிய தோலுறையோ வெறுங்கையோதான். விரல்கள் ஒடிந்து கோணலாகிவிடும். ஒரு பிட்சர் எழுபது ஆட்டங்கள் எறிய முடிந்தாலும் ஒரு கேட்சரால் அத்தனை பிடிக்க முடியாது. 1884-இல் டொலிடோ அணியின் டோனி முல்லேன் 67 ஆட்டங்களில் எறிந்தார். அவருக்குக் கேட்சராக இருந்த மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் கறுப்பினத்தவர். தான் பார்த்த கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர் என்று முல்லேன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று இனவெறியால் வாக்கரின் சைகைகளை ஏற்க மறுத்து, என்ன பந்து வருகிறது என்று சொல்லாமலே எறிந்தார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல் பாதுகாப்பற்ற கைகளால் பிடித்து நின்ற வாக்கரின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஓர் எண்ணாக இல்லை.

ஒற்றைப் பிட்சர் முறை எப்போது முடிந்தது?

முதல் விரிசல் 1880-இல். சிகாகோவின் கேப் ஆன்சன், லேரி கார்க்கரன், ஃபிரெட் கோல்ட்ஸ்மித் என்ற இருவரை மாற்றி மாற்றி எறியவிட்டுப் பட்டம் வென்றார். தலைக்கு மேலிருந்து எறிய அனுமதி வந்ததும் தோள்கள் வேகமாகச் சேதமடைந்தன. அட்டவணையும் நூற்றுக்கும் மேல் நீண்டது. பால்டிமோரின் மேட் கில்ராய் 1886-இல் 513 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார்; அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை. அடுத்த ஆண்டு 69 ஆட்டங்கள், 46 வெற்றிகள். அதற்குப் பிறகு அந்த உயரத்தை அவர் மீண்டும் எட்டவே இல்லை.

முடிவான அடி 1893-இல். புதிய தூரத்தில் பழைய சுமையைத் தாங்க யாராலும் முடியவில்லை. 1892-இல் 75 ஆட்டங்களில் 620-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் எறிந்த ஹட்சிசன் அடுத்த ஆண்டு 350-ஐக்கூட எட்டவில்லை. 600 என்ற எல்லையை அவருக்குப் பிறகு ஒருவரும் தாண்டியதில்லை.

76 என்ற சாதனை இன்னும் இருக்கிறதா?

இல்லை. 1964-இல் கேன்சஸ் சிட்டியின் ஜான் வையட் 81 ஆட்டங்களில் எறிந்தார். இப்போதைய உச்சம் 1974-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் எறிந்த 106. ஆனால் அந்த 106 ஆட்டங்களில் அவர் எறிந்தது 208 இன்னிங்ஸ்; ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து முடித்துக்கொடுப்பவர் அவர். வாழ்நாள் கணக்கில் ஜெஸ்ஸி ஒரோஸ்கோவின் 1,252 முதலிடம்; அவரும் பிற்பகுதியில் வருபவர். இரண்டு காலத்தையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்டங்களை எண்ணினால் மார்ஷல். உழைப்பை எண்ணினால் வைட்.

அந்தக் கைகளுக்குப் பிறகு என்ன ஆனது?

லீ ரிச்மண்ட், 1880 ஜூன் 12 அன்று ஒரு பேட்டரையும் பேஸ் ஏறவிடாமல் முதல் முழுமையான ஆட்டத்தை எறிந்தவர். அப்போது அவர் பிரவுன் பல்கலைக்கழக மாணவர். அந்த ஆண்டின் 74 ஆட்டங்களுக்குப் பிறகு கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மருத்துவம் படித்தார், பின் டொலிடோவில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். ஜான் மான்ட்கோமரி வார்டு, 1879-இலும் 1880-இலும் ஆண்டுக்கு 70 ஆட்டங்கள் எறிந்தவர். வலக்கை கெட்டபோது வெளிக்களத்தில் நின்று இடக்கையால் எறியப் பழகினார். பிறகு உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆனார், சட்டம் படித்தார், ஆட்டக்காரர்களின் முதல் சங்கத்தைத் தொடங்கினார். கிளப்கள் தோள்களை எப்படிச் செலவழிக்கின்றன என்பதை அவர் தன் தோளிலேயே படித்தவர்.

கார்க்கரன் 32 வயதில் சிறுநீரக நோயால் இறந்தார். ராட்போர்ன் வேட்டை விபத்தில் ஒரு கண்ணை இழந்து, 1897-இல் இல்லினாயின் புளூமிங்டனில் 42 வயதில் மறைந்தார். கேல்வின் 1902-இல் பிட்ஸ்பர்க்கில், வறுமையில், வயது 45. ராட்போர்னைப் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் 1939-இல் சேர்த்தார்கள். கேல்வினுக்கு 1965 வரை ஆயிற்று. 680 இன்னிங்ஸ் எறிந்த வைட்டுக்கு அங்கே இன்னும் இடம் இல்லை.

வைட் பெரிய லீக்கில் கண்ணாடி அணிந்து ஆடிய முதல் ஆட்டக்காரர். 1879-இன் அந்த 75 முழு ஆட்டங்களையும் மூக்கின்மேல் கண்ணாடியோடுதான் எறிந்தார். எறிவதை நிறுத்திய பிறகு, கேட்சராக இருந்த அண்ணன் டீக்கன் வைட்டோடு சேர்ந்து பஃபலோவில் மூக்குக்கண்ணாடி செய்து விற்கும் நிறுவனம் நடத்தினார்.